கர்ப்பம் முதல் பிள்ளைக்கு இரண்டு வயது வரை: முதலில் கிணற்றைப் பாருங்கள்

பிள்ளை, உங்கள் கேள்வியை ஆறுதலாக இருந்து இரண்டு தரம் வாசித்தேன். கலியாணம் கட்டி யாழ்ப்பாணத்துக் கோப்பாய்ப் பக்கம் வந்து இரண்டு வருசம், இப்போது நாலாம் மாதம், வீட்டுக்குப் பின்னால் வெங்காயத் தோட்டம். கணவர் கொழும்பால் வரும்போதெல்லாம் தாய்மாருக்கென்று விற்கும் பால்மா ரின், பாதாம் பருப்பு, ஓட்ஸ் என்று சுமந்து வருகிறார். மாமி எள்ளுத் தொடக்கூடாது, பப்பாப்பழம் தொடக்கூடாது என்கிறா. "பிள்ளைக்கும் நல்லதாக, மண்ணையும் கெடுக்காததாக ஒரு சாப்பாட்டு முறை எங்கட ஊரில இருக்கா? அதுக்கு இவ்வளவு காசு செலவழிக்கத்தான் வேணுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கிறது. செலவும் குறையும். வலிகாமத்தில் குடும்பநல உத்தியோகத்தராகச் சைக்கிளில் வீடு வீடாகத் திரிந்த காலம் முழுக்க நான் கண்டது இதுதான்: தாய்க்கும் பிள்ளைக்கும் தேவையானதில் முக்கால்வாசி எங்கள் வேலியிலும் கிணற்றடியிலும் காலமைக் கரைக்கு வரும் வள்ளத்திலும் இருக்கிறது. ஆனால் நீங்கள் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாலும் நான் தண்ணீரில் இருந்துதான் தொடங்குவேன். பின்னால் வெங்காயத் தோட்டம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால்.

எங்கள் குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறும் மாரிக்கு மட்டும்தான். குடிப்பதெல்லாம் மழை நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தேங்கியது. அந்தக் கல் வெடிப்பும் பொந்தும் நிறைந்தது. மேலே போடுகிற யூரியாவும், மலகூடக் குழியில் இருந்து ஊறுவதும், தடையில்லாமல் கீழே போய்விடும். அதனால் எங்கள் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று என்ற, தண்ணீரில் கரையும் உப்பு கூடிப்போய் இருக்கிறது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பெரிய ஆட்களை இது உடனே ஒன்றும் செய்யாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத்தான் ஆபத்து: இரத்தம் ஒட்சிசனைக் காவும் வலுவை இழந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கலாம்.

கொதிக்க வைத்தால் சரிதானே என்று அநேகமானோர் நினைக்கிறார்கள். கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். ஆகவே உங்கள் பகுதிப் பொதுச்சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்க வழி கேளுங்கள். பிள்ளை பிறக்க முதலே செய்யுங்கள். மாரி தொடங்கியபின் ஒருதரம் பார்ப்பது இன்னும் நல்லது, மழையோடுதான் தோட்டத்துப் பசளை கீழே இறங்கும். அளவு கூடவாக இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் குழாய் நீரோ வேறு நல்ல கிணற்று நீரோ எடுங்கள். குளிக்கத் தோய்க்க உங்கள் கிணறு போதும்.

சரி, இனிச் சாப்பாடு.

நாலாம் மாதத்தில் இருந்து நாளுக்கு ஏறத்தாழ 340 கலோரி மேலதிகமாக வேண்டும், ஏழாம் மாதத்துக்குப் பிறகு 450 அளவில். "ரெண்டு பேருக்குச் சாப்பிடு" என்று மாமி கோப்பையை நிரப்புவா. ஆனால் 340 கலோரி என்பது ஒரு முட்டை, ஒரு கதலி வாழைப்பழம், ஒரு கிண்ணம் அவித்த பயறு, அவ்வளவுதான். உயரத்துக்கேற்ற எடையோடு தொடங்கியவர்களுக்கு பத்து மாதத்தில் 11.5 முதல் 16 கிலோ வரை கூடினால் போதும். எங்கள் ஆட்களுக்குக் கர்ப்ப காலத்தில் சீனி வருத்தம் வருவது சாதாரணமாகிவிட்டது, ஆகவே 24 முதல் 28 கிழமைக்குள் கிளினிக்கில் செய்யும் சீனிப் பரிசோதனையைத் தவறவிட வேண்டாம். வெள்ளை அரிசிச் சோற்றை ஒரு அகப்பை குறைத்து அந்த இடத்தில் பருப்பும் வறையும் வையுங்கள். மொட்டைக்கறுப்பன் கிடைத்தால் அதையே எடுங்கள். தவிடு போகாத சிவப்பரிசி, எங்கள் மண்ணில் விளைவது.

கணவர் வாங்குகிற ஓட்ஸுக்குப் பதிலாகக் குரக்கன் பிட்டும் உழுத்தங்களியும் போதும். பாதாமுக்குப் பதில் எள்ளு. நூறு கிராம் எள்ளில் 900 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது, குரக்கனில் 300க்கு மேல், பசுப்பாலில் 120 அளவில். எள்ளுத் தோலில் இருப்பது முழுக்க உடம்பில் சேராது என்பது உண்மை. அப்படியிருந்தும் நாளுக்கு ஒரு எள்ளுப்பாகு உருண்டை பெரிய துணை. எள்ளுச் சூடு, கரு கலைந்துவிடும் என்ற பயத்துக்கு, சமையலில் சேர்க்கிற அளவில் ஆதாரம் ஒன்றும் இல்லை. பப்பாப்பழத்தில் மாமி பாதி சரி. பால் வடியும் காயும் அரைப்பழமும் வேண்டாம், நன்றாகப் பழுத்தது சாப்பிடலாம், மலச்சிக்கலுக்கு அதைவிட நல்லது கிடையாது. இதை மாமியோடு வாதாடி வெல்லப் பார்க்காதீர்கள். கிளினிக்குக்கு ஒருநாள் அவவையும் கூட்டிக்கொண்டு போய் அங்கே கேட்க விடுங்கள். நான் கண்ட வரையில் மாமிமார் பிடிவாதக்காரர் அல்ல, பயந்தவர்கள். தங்கள் காலத்தில் தெருவுக்குத் தெரு பிள்ளை தவறிய கதைகளைக் கண்டு வந்தவர்கள்.

இலை வகைக்கு நீங்கள் சந்தைக்குப் போகவே தேவையில்லை. முருங்கை, பொன்னாங்காணி, வல்லாரை, அகத்தி, முசுட்டை, தூதுவளை. மலைநாட்டில் இருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் லொறியில் வாடி வரும் கோவாவையும் லீக்ஸையும் விட, வேலியில் நின்றபடி மருந்து காணாமல் வளரும் முருங்கையிலை எந்த விதத்திலும் குறைந்ததல்ல. வறையை நிறையத் தண்ணீரில் அவித்து ஊற்றாதீர்கள், போலிக் அமிலம் அந்தத் தண்ணீரோடு போய்விடும். கழுவி, அரிந்து, தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் போட்டு மூடி இரண்டொரு நிமிடம் வாட்டினால் போதும். இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விடுங்கள். அந்தப் புளிதான் இலையில் உள்ள இரும்பை உடம்புக்குள் திறந்து விடுகிற சாவி.

அதே இரும்பை அடைத்துப் போடுவது தேத்தண்ணி. ஒரு வீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணிப் பெண். இரும்புக் குளிசை ஒன்றும் தவறவில்லை, அட்டையை எடுத்து ஒவ்வொரு பொந்தாகக் காட்டினா. இரத்தம் மட்டும் ஏறவில்லை. ஒரு பின்னேரம் நான் போன நேரம் குளிசையை வாயில் போட்டுச் சுடச்சுடப் பிளேன்ரீயோடு விழுங்கினா. ஐந்து மாதமாக அப்படித்தானாம். நான் ஐந்து மாதமாக அந்த வீட்டுக்குப் போய் வந்தும் எதோடு குடிக்கிறீர்கள் என்று கேட்கவே இல்லை. அந்தக் கவலை எனக்கு இன்றைக்கும் இருக்கிறது, அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு விபரமாக எழுதுகிறேன். குளிசையைத் தண்ணீரோடு அல்லது தேசிக்காய்த் தண்ணீரோடு எடுங்கள்; தேத்தண்ணிக்கும் அதற்கும் ஒரு மணித்தியால இடைவெளி விடுங்கள்; கல்சியக் குளிசையை வேறு நேரத்துக்கு மாற்றுங்கள். கிளினிக்கில் தரும் திரிபோஷாச் சத்துமாவையும் வாங்கி வந்து, வீட்டுக்காரர் எல்லாருக்கும் உருண்டை பிடித்துக் கொடுக்காமல் நீங்களே சாப்பிடுங்கள். அது உங்களுக்கு என்று தருவது.

மீனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குருநகர், பாசையூர், பருத்தித்துறை எங்கே போனாலும் மலிவாகக் கிடைப்பது சூடையும் நெத்தலியும் கீரிமீனும். பிள்ளையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய கொழுப்பு இந்தச் சின்ன மீன்களில்தான் தாராளமாக இருக்கிறது. முள்ளோடு சாப்பிடும் நெத்தலியில் கல்சியமும் சேரும். கடலில் பெரிய மீன் சின்ன மீனைத் தின்று தின்று பாதரசத்தைத் தன் உடம்பில் சேர்த்துக்கொள்ளும். சுறா, தளப்பத்துப் போன்றவற்றில் அது கூட இருப்பதால் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். சின்ன மீன் சீக்கிரம் பெருகும். சுறாவோ பருவத்துக்கு வரவே பல வருசம் எடுத்துக் குறைந்த குட்டிகளைத்தான் போடும். ஆக உங்கள் வயிற்றுப் பிள்ளைக்கு எது நல்லதோ அதுதான் கடலுக்கும் தாங்கும்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா வறை கொடுத்தால் பால் சுரக்கும் என்பது எங்கள் ஊர் வழக்கம். எனக்கும் அம்மா அவித்து உதிர்த்து, உள்ளியும் மிளகும் போட்டு வறுத்துத் தந்தா. அந்த வாசம் இப்போதும் மூக்கில் நிற்கிறது. ஒருநாள் ஆசைக்குச் சாப்பிடுவதை நான் தடுக்க மாட்டேன். கிழமைக்கு இரண்டு மூன்று தரம் என்று மாதக்கணக்கில் வேண்டாம். பாலைச் சுரக்க வைப்பது பிள்ளை அடிக்கடி சப்பிக் குடிப்பது. வறையை விளைமீனிலோ பாரைக்குட்டியிலோ அதே சரக்கோடு செய்தால் ருசியும் குறையாது.

பத்தியத்தில் வேர்க்கொம்பு, மல்லி, மிளகு, சீரகம், உள்ளி அரைத்து வைக்கும் சரக்குக் கறி நல்லது, வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் குறைப்பதும் மரக்கறி, பழம் எல்லாவற்றையும் 31 நாள் தள்ளி வைப்பதும் கூடாது. பால் கொடுக்கும் தாய்க்குத் தண்ணீர்த் தாகம் கூடும், மலம் இறுகும். ஒவ்வொரு தரமும் பால் கொடுக்க இருக்கும்போது பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் இருக்க வேண்டும். இந்தக் காலத்தில்தான் பசியும் மிகக் கூட, நாளுக்கு 500 கலோரி அளவில் மேலதிகமாக வேண்டும்.

தாய்ப்பாலைப் பற்றி நீங்கள் அறியாததல்ல: பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் தொடங்கி, ஆறு மாதம் வேறெதுவும், தண்ணீர்கூட, இல்லாமல். மஞ்சளாக வரும் முதற்பாலைப் பீச்சி ஊற்ற வேண்டாம். எங்கள் நாட்டில் 2016இல் எடுத்த கணக்கின்படி ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 82 வீதம் தாய்ப்பால் மட்டும் குடிப்பவர்கள், உலகத்தில் பல பணக்கார நாடுகளுக்கு இல்லாத பெருமை. அதைவிட எங்கள் ஊருக்கென்று ஒரு காரணம் உண்டு. தாய் குடிக்கும் தண்ணீரில் நைத்திரேற்று இருந்தாலும் அது பாலில் அந்த அளவுக்கு ஏறாது, தாயின் உடம்பு தடுத்து வைத்துக்கொள்ளும். அதே கிணற்றுத் தண்ணீரில் போத்தல் பால் கரைத்தால் நேரே பிள்ளைக்குப் போகும். தோட்டத்துக்கு நடுவில் கிணறு வைத்திருக்கும் உங்களுக்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

பால்மா ரின்னைப் பற்றியும் ஒன்று. ஒரு கிலோ முழுப்பால்மா செய்ய ஏறத்தாழ எட்டு லீற்றர் பால் வேண்டும். அதைச் சூடாக்கி உலர்த்தி, நியூசிலாந்தில் இருந்து பத்தாயிரம் கிலோமீற்றருக்கு மேல் கப்பலில் ஏற்றி, இங்கே மீண்டும் தண்ணீரில் கரைக்கிறோம். 2021, 2022இல் பால்மாவுக்கு வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். பக்கத்தில் மாடு வைத்திருப்பவரிடம் நாளுக்கு அரை லீற்றர் வாங்கிக் காய்ச்சிக் குடியுங்கள், மிச்சத்தைத் தயிராக்குங்கள். அவரிடமே எருவும் வாங்கலாம், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஆறு மாதம் முடிய, சோறு தீத்துகிற நாள். கோயிலில் தீத்துங்கள், நல்லூரிலோ சந்நிதியிலோ உங்கள் நேர்த்திப்படி. ஆனால் பொங்கலில் சர்க்கரை இல்லாத ஒரு பருக்கையை மசித்து வையுங்கள். பஞ்சாமிர்தம் நாவில் தொடக்கூட வேண்டாம், அதில் தேன் இருக்கும். ஒரு வயதுக்கு முதல் தேன் கொடுத்தால் அரிதாக ஒரு கொடிய நஞ்சு குடலில் உண்டாகலாம்.

வீட்டில் முதல் சாப்பாட்டுக்கு நான் தாய்மாருக்குக் காட்டிக் கொடுப்பது இது. இரண்டு மேசைக்கரண்டி சிவப்பரிசி, ஒரு கரண்டி பாசிப்பயறு, இரண்டையும் முதல் இரவே ஊறவைத்துக் குழைய அவியுங்கள். இறக்குமுன் ஒரு பிடி முருங்கைத் தளிர். உப்பும் சீனியும் வேண்டாம், ஒரு வயது வரைக்கும். அரை தேக்கரண்டி தேங்காயெண்ணெய் அல்லது நல்லெண்ணெய் விட்டு, கரண்டியின் முதுகால் மசியுங்கள். மிக்சியில் அடிக்காதீர்கள், பிள்ளை மென்று பழக வேண்டும். இப்போது கரண்டியில் எடுத்துச் சரித்துப் பாருங்கள். வழிந்து ஓடினால் அது கஞ்சித் தண்ணீர், வயிறு நிறையும், உடம்பு வளராது. கரண்டியில் ஒட்டி நின்று மெல்ல நழுவி விழுந்தால் சரியான பதம். எடை ஏறவில்லை என்று கிளினிக்குக்கு வந்த பிள்ளைகளில் எத்தனையோ பேரின் குறை இந்தப் பதத்தில்தான் இருந்தது. தாய் அன்போடுதான் கொடுத்திருப்பா, தண்ணீராகக் கொடுத்திருப்பா.

முதல் நாள் இரண்டு மூன்று கரண்டி. எட்டு மாதமாகும்போது ஒருநேரத்துக்கு அரைக் கோப்பை. தாய்ப்பாலுக்கு மேலதிகமாக ஆறு முதல் எட்டு மாதம் வரை நாளுக்கு 200 கலோரி, ஒன்பது முதல் பதினொரு மாதம் வரை 300, ஒரு வயதுக்குப் பிறகு 550 அளவில் வெளியில் இருந்து வர வேண்டும். தாயிடம் இருந்து கொண்டுவந்த இரும்புச் சேமிப்பு ஆறு மாதத்தோடு முடிந்துவிடுவதால் முட்டையையும் மீனையும் தள்ளிப் போடாதீர்கள், ஆறாம் ஏழாம் மாதத்திலேயே தொடங்கலாம். சூடை மீனை அவித்து, சதையைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து நசித்து நசித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத முள்ளு விரலுக்குத் தெரியும். பூசணியும் பப்பாப்பழமும் மசித்துக் கொடுங்கள். ஒன்பது மாதத்தில் கையில் பிடித்துத் தின்ன அவித்த கரட் துண்டு, இடியப்பம், தோசைக் கரை. கச்சான் முழுதாகக் கொடுக்காதீர்கள், ஐந்து வயது வரை புரைக்கேறும் பயம் உண்டு. அரைத்துக் கூழில் கலந்தால் நல்லது.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வீடு முழுக்க மரக்கறி. பெரியவர்கள் விரதம் இருங்கள், குழந்தைக்கு விரதம் இல்லை. முட்டையும் சமைக்காத வீடென்றால் அந்த நாட்களில் பயறும் தயிரும் எள்ளும் கொஞ்சம் கூட, புளிப்பான பழம் ஒன்று பக்கத்தில். வருசம் முழுக்கச் சைவம் என்றால் பாலும் தயிரும் கட்டாயம், இலை குழையில் வைற்றமின் பி12 இல்லை. அப்படியானால் உங்கள் கிளினிக் வைத்தியரிடம் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஒரு வயதுக்குப் பிறகு பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுச் சாப்பாடு, உறைப்புக் குறைத்து. பிஸ்கற்றைத் தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுப்பதை மட்டும் தொடங்காதீர்கள், தொடங்கினால் விடுவிப்பது பெரும்பாடு. வாய்க்கு ருசியாகப் புழுக்கொடியலை மாவாக்கித் தேங்காய்ப்பூவோடு, இரண்டு வயதுக்குப் பிறகு பனங்கட்டி ஒரு துண்டு. ஓலைக் குட்டானில் வரும் பனங்கட்டிக்கு எறியக் குப்பைகூட இல்லை. கடைச் சொதியைச் சுடச்சுடச் சொப்பிங் பையில் கட்டி வாங்காதீர்கள், தூக்குச்சட்டி கொண்டு போங்கள். சூடான உணவும் பிளாஸ்ரிக்கும் சேரவே கூடாது. உப்பு வாங்கும்போது அயடீன் சேர்த்ததா என்று பாருங்கள். உப்பளத்தில் இருந்து நேரே வரும் கல்லுப்பில் அது இராது, கர்ப்பிணிக்கும் பால் கொடுப்பவளுக்கும் அயடீன் மிக முக்கியம்.

இனி அந்த எரு. உங்கள் தோட்டம் யாருடையது என்று எழுதவில்லை. மாமாவுடையதென்றால் அவரோடு கதைத்துப் பாருங்கள். அவருடைய தகப்பன் காலத்தில் பூவரசங்குழையும் கிளிசரியாவும் வெட்டித் தாட்டு, பட்டி எரு போட்டுத்தான் இந்தச் செம்மண்ணில் வெங்காயம் விளைந்தது. முழுவதும் விடச் சொல்லவில்லை. 2021இல் அரசாங்கம் ஒரே இரவில் இரசாயன உரத்தை நிறுத்தத் தோட்டக்காரர் பட்ட பாட்டை நாங்கள் கண்டோம். கிணற்றை ஒட்டிய நாலைந்து பாத்திக்கு மட்டும் யூரியாவும் மருந்தும் இல்லாமல் குழையும் எருவும் போட்டு, அங்கே பயறும் கீரையும் போடச் சொல்லுங்கள். "உங்கட பேரப்பிள்ளை குடிக்கிற தண்ணி மாமா" என்று நீங்கள் சொன்னால் கேட்பார்.

கிணற்றடி ஓரத்தில் கழுவு நீர் ஓடும் வாய்க்கால் பக்கம் ஒரு முருங்கைக் கம்பு ஊன்றுங்கள், கைக்கெட்டும் உயரத்தில் அடிக்கடி முறித்துவிடுங்கள். இப்போது நாலாம் மாதம். பிள்ளை பிறந்து ஆறு மாதமாக இன்னும் பதினொரு மாதம் இருக்கிறது. முதல் கரண்டிக்கு வேண்டிய தளிர் அதற்குள் தாராளமாக வந்துவிடும். தண்ணீர்ப் பரிசோதனை முடிவு கிடைத்ததும் அதில் நைத்திரேற்று என்று போட்டிருக்கும் எண்ணை இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.